இரண்டு பேருக்குச் சாப்பிடலாமா? கர்ப்பக் காலத்தில் எடையும் உணவும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசப்பட்டவற்றின் எழுத்து வடிவம்)



தாய்மை பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அன்று பார்வையாளர் வரிசையில் ஓர் அம்மா எழுந்து நின்றார். பக்கத்தில் ஆறு மாத வயிற்றோடு அவருடைய மருமகள். “நான் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டே ஆறு பிள்ளை பெற்றேன். எனக்கு யார் இனிப்பு நீர் பார்த்தார்கள்? யார் எடை நிறுத்தார்கள்? இப்போது என் மருமகளுக்கு ஒரு பிடி சோறு கூடப் போட்டால், கிளினிக்கில் மிஸ்ஸி திட்டுகிறார் என்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பட்டினி போடவா சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

அரங்கமே கைதட்டியது. மருமகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மருத்துவர் அல்ல. கேள்வி கேட்பதும், கிடைத்த பதிலை எல்லாருக்கும் புரியும்படி சொல்வதும் என் தொழில். ஆனால் அந்த மருமகள் ஏன் தலை குனிந்தார் என்பது எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவள்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் பார்ப்போம். ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

தோட்டத்து வயிறும் அடுக்குமாடி வயிறும்

விடியுமுன் எழுந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்த பெண்ணின் உடல், தின்ற சோற்றை நடந்தே கரைத்துவிட்டது. கறி சாப்பாடு வாரத்தில் ஒரு நாள். சர்க்கரை பங்கீட்டில் வந்த அளவு. கோழி வெட்டுவது தீபாவளிக்கு.

இன்றைய மருமகள் காலை ஏழு மணிக்குக் காரில் ஏறுகிறார். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நாற்காலி. வீடு திரும்பினால் அடுக்குமாடியில் மின்தூக்கி. வழியில் பசியாற ரொட்டி சானாயும் தே தாரேக்கும். மாமியாரின் வயிறும் மருமகளின் வயிறும் ஒன்றுதான். வேலை வேறு, தட்டு வேறு.

தோட்டத்துக் காலத்தில் எல்லாம் நலமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இரத்தச் சோகையாலும் எடை குறைந்த குழந்தைகளாலும் பட்ட துயரம் அதிகம். யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை என்பதால் யாருக்கும் குறை இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100 பேரில் 31 பேர். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நம் வீட்டுப் பெண் கருவுற்றால், மற்றவர்களைவிட நாம் ஒரு படி கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு எடை கூடலாம்?

எல்லாப் பெண்ணுக்கும் ஒரே அளவு கிடையாது. கருவுறுவதற்கு முன் இருந்த எடையைப் பொறுத்தது. எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்ணை பி.எம்.ஐ. என்கிறார்கள். 1.55 மீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 26.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட அளவுகளே பல நாடுகளில் கையாளப்படுகின்றன. ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும் தாய்க்கு அவை இவை:

பி.எம்.ஐ. 18.5க்கும் கீழே இருந்தால், 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம்.

18.5 முதல் 24.9 வரை இருந்தால், 11.5 முதல் 16 கிலோ.

25 முதல் 29.9 வரை இருந்தால், 7 முதல் 11.5 கிலோ.

30ம் அதற்கு மேலும் இருந்தால், 5 முதல் 9 கிலோ.

ஆசியர்களான நமக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்று நம் நாட்டு மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஆகவே 24இல் இருப்பவர், 16 கிலோ வரை ஏறலாம் என்று மகிழ வேண்டாம். உங்கள் எல்லையைக் கிளினிக்கில் கேட்டு, கர்ப்பக்காலப் பதிவுப் புத்தகத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘குழந்தை 3 கிலோதானே, எதற்கு 12 கிலோ?’ என்று சில கணவன்மார் கேட்பதுண்டு. கணக்கு இப்படிப் போகிறது. குழந்தை சுமார் 3 கிலோ. நஞ்சுக்கொடி 700 கிராம். பனிக்குட நீர் 800 கிராம். விரிந்த கருப்பை 1 கிலோ. மார்பகம் அரைக் கிலோ. கூடுதலாக ஊறும் இரத்தம் ஒன்றரைக் கிலோ. உடலில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோ. பால் கொடுக்கும் நாட்களுக்காக உடல் சேர்த்து வைக்கும் கொழுப்பு 3 கிலோ. ஆக 12 கிலோ. இதில் எதுவுமே வீண் இல்லை. இதற்கு மேல் ஏறுவதில் பெரும்பகுதி தாயின் உடம்பில் கொழுப்பாகத் தங்கி, பிள்ளை பிறந்த பிறகும் இறங்க மறுப்பது.

முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோ முதல் 2 கிலோ வரை கூடினால் போதும். வாந்தி, மசக்கையில் ஒன்றிரண்டு கிலோ இறங்கினாலும் உடனே பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் கூட வயிற்றில் தங்காத அளவுக்குப் போனால்தான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து, அளவான எடையுள்ள பெண்ணுக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 400 கிராம், எடை கூடியவருக்கு 300 கிராம், மிகவும் பருமனானவருக்கு 200 கிராம் என்று மெல்ல ஏறுவதே நல்ல ஏற்றம்.

ஓர் எச்சரிக்கை. சில நாட்களிலேயே எடை திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது சோற்றால் வந்த எடை அல்ல. இரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டு பேருக்கு என்றால் இரண்டு தட்டா?

முதல் மூன்று மாதத்தில் உடலுக்குக் கூடுதல் உணவு அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. நடு மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரியும், கடைசி மூன்று மாதத்தில் 450 கலோரியை ஒட்டியும் கூடினால் போதும்.

300 கலோரி என்பது எவ்வளவு? ஓர் அவித்த முட்டை, ஒரு துண்டு முழுக்கோதுமை ரொட்டி, ஒரு குவளை பால். அவ்வளவுதான். இதே 300 கலோரி ஒரே ஒரு ரொட்டி சானாயிலும் இருக்கிறது, குழம்பைக் கணக்கில் சேர்க்காமலே. முதலாவதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குழந்தைக்குக் கிடைக்கின்றன. இரண்டாவதில் மைதாவும் மார்ஜரினும் கிடைக்கின்றன. ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து யோசிப்பது சரி. இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டை நிரப்புவது தவறு.

இனிப்பு நீர் வயிற்றுக்குள் செய்யும் வேலை

கருத்தரங்கில் மகப்பேறு மருத்துவர் இதை விளக்கியபோதுதான் அந்த அம்மா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன்.

கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடி சில சுரப்புகளை ஊற்றுகிறது. குழந்தைக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தாயின் உடம்பில் இன்சுலினின் வேகத்தை அவை மட்டுப்படுத்துகின்றன. மாதம் ஏற ஏற இந்தத் தடையும் ஏறும். ஈடுகட்ட, தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். சுரக்க முடிந்தால் சிக்கல் இல்லை. முடியாதபோது இரத்தத்தில் சர்க்கரை தங்கிவிடுகிறது. இதுவே கர்ப்பக்கால இனிப்பு நீர்.

இனி கவனியுங்கள். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. ஆகவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்க அந்தச் சின்னஞ்சிறு கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் உடலை வளர்க்கும் சுரப்பும் கூட. குழந்தையின் வயிற்றிலும் தோளிலும் கொழுப்பு சேர்கிறது. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான் கூடுகிறது. தொப்புள் கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலினோ பழைய வேகத்திலேயே ஊறும். அதனால் பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

‘கொழுகொழு என்று 4 கிலோ பிள்ளை’ என்று நாம் பெருமைப்படும்போது, குழந்தைப் பிரிவு தாதி ஏன் அதன் குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் பார்க்கிறார் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

சிங்கப்பூர் உள்ளிட்ட 9 நாடுகளில் சுமார் 25,000 தாய்மார்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை, இதற்கு மேலே ஆபத்து என்று கோடு எதுவும் அதில் தெரியவில்லை. சர்க்கரை ஏற ஏற, குழந்தையின் எடையும் அறுவைப் பிரசவமும் படிப்படியாகக் கூடிக்கொண்டே போயின. அதனால்தான் மருத்துவர்கள் இன்று குறைந்த அளவிலேயே எச்சரிக்கிறார்கள்.

நம் நாட்டில் எந்தச் சிக்கலும் இல்லாத பெண்ணாக இருந்தாலும் 25 வயதைத் தொட்டிருந்தால் 24 முதல் 28 வாரத்திற்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இனிப்பு நீர் இருந்தால், முந்திய குழந்தை 4 கிலோவைத் தாண்டியிருந்தால், பி.எம்.ஐ. 27க்கு மேல் இருந்தால், முதல் பதிவின்போதே செய்துவிடுவார்கள். இரவு முழுதும் வயிற்றைக் காயப்போட்டு, காலையில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8. இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பக்கால இனிப்பு நீர் என்று பொருள்.

பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, நல்ல முடிவு காட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தேர்வில் பார்த்து எழுதுவது போன்றது அது. மிஸ்ஸியை ஏமாற்றலாம். வயிற்றில் இருக்கும் கணையத்தை ஏமாற்ற முடியாது.

என் கதை

முதல் குழந்தையின்போது நான் 21 கிலோ ஏறினேன். இரவு நிகழ்ச்சி முடிந்து வரும் வழியில் மாமாக் கடை. வீட்டுக்கு வந்தால் அம்மா தனியாக எடுத்து வைத்த சோறு. வேண்டாம் என்றால் அம்மாவின் முகம் வாடிவிடும். பரிசோதனையில் இனிப்பு நீர் என்று தெரிந்த நாளில் என் கைப்பையில் இருந்த புத்தகத்தை ஒரு வாரம் நான் யாருக்கும் காட்டவில்லை. ‘தன் பிள்ளைக்குத் தானே கெடுதல் செய்தவள்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கம். அந்த ஒரு வாரமும் என் முன்னால் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன். குழந்தை 4 கிலோவைத் தாண்டி, அறுவையில் பிறந்தது. நலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு தவறு செய்தேன். பிரசவமான 6ஆம் வாரம் மறுபடி சர்க்கரை பார்க்க வரச் சொன்னார்கள். பிள்ளை அழுகிறது, பத்தியம் முடியவில்லை, இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே என்று போகவில்லை. மூன்று ஆண்டு கழித்து வேறு ஏதோ காரணத்துக்கு இரத்தம் எடுத்தபோது, இனிப்பு நீர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் உள்ளே வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம். கர்ப்பக் காலத்தில் இனிப்பு நீர் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 7 மடங்கு என்று 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. தாய்மார்களே, அந்த 6ஆம் வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பிறகும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டை எப்படி நிரப்புவது?

நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறை மிக எளியது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌஃபு, தெம்பே போன்ற புரதம். மீதிப் பாதி காய்கறியும் பழமும். வாழை இலையில் சாப்பிட்டாலும் இதே கணக்குத்தான். சோற்றை நடுவில் மலையாகக் குவித்து ஓரத்தில் ஒரு கரண்டி கீரை வைப்பது நம் பழக்கம். கீரையும் காயும் நடுவுக்கு வரட்டும், சோறு ஓரத்துக்குப் போகட்டும்.

ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றில் செரித்தபின் அது 9 தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். சோறு விரோதி அல்ல. மூன்று வேளைக்கும் பகிர்ந்து, அளவோடு சாப்பிடவேண்டியது. தோசை, இட்லி, சப்பாத்தி, மீஹூன், உருளைக்கிழங்கு எல்லாம் இதே கணக்கில் சேர்ந்தவை. ‘நான் இரவில் சோறே தொடுவதில்லை, ஐந்து சப்பாத்திதான்’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலை வேளையில்தான் சர்க்கரை எளிதில் ஏறும். ஆகவே பசியாறலில் மாவுச்சத்தைக் குறையுங்கள். ரொட்டி சானாய்க்குப் பதில் இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஓர் அவித்த முட்டை. நாசி லெமாக் ஆசையாக இருந்தால் பாதிப் பொட்டலம், கூடவே முழு முட்டையும் வெள்ளரிக்காயும். தே தாரேக்குக்குப் பதில், டின் பால் போடாத தே ஓ கோசோங். சிராப் பண்டோங், பெட்டிப் பானங்கள், மைலோ ஐஸ் எல்லாம் குடிக்கும் சர்க்கரை. பழச்சாறும் அப்படியே. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். பேரீச்சையும் டுரியானும் இயற்கையானவை என்பதால் அளவில்லாமல் தின்னக் கூடாது.

மூன்று பெரிய வேளைகளை மூன்று நடுத்தர வேளையாக்கி, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி வைத்துக்கொள்ளுங்கள். அவித்த கொண்டைக்கடலை, ஒரு பிடி பாதாம், இனிப்பில்லாத தயிர், ஒரு கொய்யா. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடப்பது மருந்துபோல் வேலை செய்யும். அடுக்குமாடியின் கீழே கணவரும் கூட நடந்தால் பேச்சுத் துணைக்கும் ஆயிற்று. மருத்துவர் தடை சொல்லாத வரை வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி கருவுற்றவருக்கும் ஏற்றதே.

இவ்வளவு செய்தும் வெறும் வயிற்றில் 5.3க்கு மேலும், சாப்பிட்ட 1 மணி நேரத்தில் 7.8க்கு மேலும் நின்றால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் என்றதும் பலர் அழுகிறார்கள். முன்னே சொன்னதை நினைவில் வையுங்கள்: அந்த இன்சுலின் குழந்தைக்குப் போவதில்லை. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு அது நின்றும் விடுகிறது. அது தோல்வி அல்ல, கடைசி இரண்டு மாதத்திற்கு ஒரு கைத்தடி.

குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு

‘பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்’ என்று வேண்டுமென்றே வயிற்றைச் சுருக்குபவர்களும், உடம்பு குண்டாகிவிடும் என்று இரவு உணவைத் தவிர்ப்பவர்களும் உண்டு. கர்ப்பக் காலம் எடை குறைக்கும் காலம் அல்ல.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944, 1945 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது வயிற்றில் இருந்த குழந்தைகள் வளர்ந்து நடுவயதைத் தொட்டபோது, அவர்களிடம் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி புனே நகரிலிருந்து வந்தது. மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் கிராமத்துக் குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். இங்கிலாந்துக் குழந்தை சராசரி 3.5 கிலோ என்றால், இந்தக் குழந்தைகள் 2.7 கிலோ. ஆனால் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் குழந்தையும் பிற்கால இனிப்பு நீருக்கான விதையோடு பிறக்கலாம் என்பது இதன் பொருள். அதனால்தான் அளவு என்பது இரண்டு பக்கமும் உண்டு.

பாட்டி சொன்னவை

நேயர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி பாட்டி வைத்தியத்தைப் பற்றியவை. சுருக்கமாகப் பதில்கள்:

குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? பிறக்காது. நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. அந்தப் பாலில் போடும் சர்க்கரையைத்தான் கவனிக்க வேண்டும்.

பப்பாளி கூடாதா? நன்கு பழுத்தது அளவோடு ஆபத்தில்லை. பால் வடியும் காயைத் தவிர்ப்பது நல்லது.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுக்குமா? இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் இரத்தச் சோகை. மாத்திரையைக் கொய்யா, எலுமிச்சை போன்றவற்றோடு சாப்பிடுங்கள். தேநீர், கோப்பியோடு சாப்பிட்டால் சத்து சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாம்பல், மண், பச்சரிசி தின்ன ஆசை வந்தால் வெட்கப்படாமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். அது பெரும்பாலும் இரத்தச் சோகையின் குரல்.

பால் சுறாப் புட்டு நல்லதா? பால் ஊற வேண்டும் என்று நாம் ஆசையோடு செய்வது. ஆனால் சுறா பெரிய மீன், அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. கருவுற்றவரும் பால் கொடுப்பவரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் அதுவும் ஒன்று. கெம்போங், மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் பாதுகாப்பானவை.

கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை? பிரசவம் வரை வேண்டாம். கிருமி ஆபத்து உண்டு. முழுதாக வேகட்டும்.

வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாமா? இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் இருக்காதீர்கள். முழுச் சைவக்காரர்கள் பால், தயிர் சேர்ப்பதோடு வைட்டமின் பி12 பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். கருவுறத் திட்டமிடும் எல்லாப் பெண்களும் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது, பலருக்குக் கரு நின்றதே தெரியாத முதல் சில வாரங்களில்.

ஒரு வீட்டுத் தட்டு

கருத்தரங்கின் முடிவில் அந்த அம்மா மறுபடி கையைத் தூக்கினார். இம்முறை குரல் தணிந்திருந்தது. “அப்படியென்றால் நான் என்னதான் சமைத்துப் போடுவது?” என்று கேட்டார்.

அன்றைய நிகழ்ச்சியில் மிகச் சிறந்த கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் வீடுகளில் பாசம் சோற்றுக் கரண்டி வழியாகத்தான் வருகிறது. வளைகாப்பில் ஏழு வகைச் சாதம் வைப்பதும் அந்தப் பாசத்தால்தான். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போதும் என்றுதான் சொல்வேன்.

உணவியல் நிபுணர் அவருக்குச் சொன்ன பட்டியலில் புதிதாக எதுவும் இல்லை. முருங்கைக்கீரைப் பொரியல், பாசிப்பயற்றுக் கூட்டு, மீன் குழம்பு, ரசம், பாகற்காய், மோர். எல்லாம் அந்த அம்மா தோட்டத்தில் சமைத்தவை. மாறியது சோற்றின் அளவும் தேநீரில் ஊற்றும் டின் பாலும் மட்டுமே.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவிக்கு மட்டும் தனித் தட்டு வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நீங்கள் மீ கோரேங் சாப்பிட்டால் அது வைத்தியம் அல்ல, தண்டனை. இனிப்பு நீர் அவருக்கு மட்டும் வந்திருக்கலாம். தட்டு வீட்டுக்கே மாறட்டும். இவ்வளவு பேருக்கு இந்த நோய் இருக்கும் சமூகத்தில், அது உங்களுக்கும் நல்லதே.

கிளினிக்கில் எடை கூடிவிட்டது என்றால் அதை வீட்டில் மறைக்காதீர்கள், சகோதரிகளே. நான் மறைத்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. வீட்டில் உள்ள பெரியவர்களே, அவர் சொல்லும்போது திட்டாதீர்கள். கடைசியாக ஒன்று. அடுத்த முறை சந்திப்புக்குப் போகும்போது மாமியாரையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மிஸ்ஸி சொல்வதை அவர்களும் நேரில் கேட்கட்டும். அரங்கை விட்டு வெளியேறும்போது அந்த அம்மா மருமகளிடம், “அடுத்த புதன்கிழமை நானும் வருகிறேன்” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நலமான தாயும் நலமான சேயும் நம் ஒவ்வொரு வீட்டிலும் நிறையட்டும்.